இரண்டாவது அறை

தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. எட்டு மணி நேரம் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்ட கை பேனாவைப் பிடிக்க மறுத்தது. ஆனாலும் சலவைக்கூடத்து மாடியில் வாரம் மூன்று நாள் நடந்த ஆங்கில வகுப்புக்கு இவள் மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் துணி கொண்டுவரும் கவுண்டரில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் போதும், நின்றே சாகிற பிழைப்புக்கு முழுக்குப் போட்டுவிடலாம்.

வகுப்பு எடுத்தவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. சீட்டுக் குலுக்கி ஆட்களை இரண்டு அறைகளாகப் பிரித்திருந்தாள். இவளோடு அதே சலவைக்கூடத்தில் வேலை பார்த்த நாத்தனாருக்கு முதல் அறை, இவளுக்கு இரண்டாவது. இங்கே அவள் பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனதும், அதைப் பார்த்து எழுதுவதோடு சரி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே பேச்சும் சிரிப்பும்.

"உங்க அறையில அப்படி என்னடி கூத்து?" என்று வீட்டில் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் அண்ணி" என்பாள் நாத்தனார். தன் மண்டையில்தான் களிமண் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

நேர்காணலில் இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நாத்தனார் பொரிந்து தள்ளினாள். வேலை அவளுக்கே கிடைத்தது.

"மூணு மாசமும் கவுண்டர்ல பேசுற மாதிரியே பேச வச்சாங்க அண்ணி," என்றாள் அன்று மாலை. "வெளிய சொன்னா ஆராய்ச்சி கெட்டுடும்னு கையெழுத்து வாங்கிட்டாங்க."

"பால் பொங்கினாக்கூட தெருவையே கூட்டுவியே! இதுக்கு மட்டும் எப்படிடி வாயைத் தச்சுக்கிட்ட?"

நாத்தனார் தரையைப் பார்த்தாள். "எனக்கும் அந்த நாற்காலி வேணும்னு இருந்துச்சு."

மறுநாள் கடைசித் தேர்வு வைக்க வந்த மாணவியை இவள் மாடிப்படியிலேயே மறித்தாள்.

"எங்களை ஏன் மேடம் பேசவே விடல?"

"புது முறை பலிக்குதான்னு பார்க்க, பழைய முறையில படிக்கிற ஒரு குழுவும் வேணும்மா. நீங்கல்லாம் ரொம்ப உதவியா இருந்தீங்க."

"நாங்க தேறாம போனதுதான் உதவியா?"

மாணவியின் முகம் சுண்டியது. "ஆராய்ச்சி முடிஞ்சதும் உங்களுக்கும் அதே வகுப்பு எடுப்பேன். படிவத்துலயே எழுதியிருக்கேன்."

ஆராய்ச்சி முடிந்தது. பட்டம் வாங்கிக்கொண்டு அவள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. இரண்டாவது அறையில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்கு முப்பத்தாறு பேச்சு வகுப்புகள் பாக்கி. இன்றுவரை ஒன்றுகூட நடக்கவில்லை.