திருட வந்தவனிடம் ஒரு கேள்வி

தப்பு மரீட்டுடையதுதான். ஆட்டத்தில் வரும் டிராகனின் குகையில் கொஞ்சம் வெள்ளியும் ஒரு நல்ல வாளும் வைத்திருந்தால் போதும். அன்று என்ன தாராளமோ, நாற்பதாயிரம் பொற்காசுகளைக் கொட்டிவிட்டாள். அன்றோடு ஆட்டம் படுத்துவிட்டது.

ஞாயிறு மதியமானால் அவள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர் பகடையும் பென்சிலுமாக உட்காருவார்கள். மரீட் கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள். ஈவர் வாள்வீரன். யோன்னா மந்திரக்காரி. ஸ்டூரேயின் பாத்திரம் மால்மர் என்ற குள்ளர் குலத்துக் கோடரிக்காரன். முன்பெல்லாம் இருட்டில் ஒரு கதவு கிறீச்சிட்டாலே மூவரும் பகடையைக் கையில் எடுத்துவிடுவார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் காசு. கொள்ளையர் வழிமறித்தால் காசு, பாலம் உடைந்தால் காசு. ஒரு அரக்கனைக்கூடச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். பகடைக்கு வேலையே இல்லை.

"இது ஆட்டமா, பேங்க்கா?" என்று போன வாரம் கோட்டு மாட்டிக்கொண்டே கேட்டான் ஈவர். "அடுத்த வாரமும் இப்படின்னா நான் வரல மரீட். கோவிச்சுக்காத."

அவன் நின்றால், அவன் காரில் வரும் யோன்னாவும் நிற்பாள். பிறகு மேசை ஏது?

வழி ஒன்றுதான். பொக்கிஷம் முழுவதும் மால்மரின் வீட்டில்தான் இருக்கிறது. ஒரு திருட்டுக் கும்பலை அனுப்பி வழித்துத் துடைத்துவிட வேண்டும். இந்த வாரக் கதையை அப்படி எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கு ஸ்டூரேயின் முகம் ஞாபகம் வந்தது.

முப்பது வருஷமாக அவர் வேலை பார்த்த காகித ஆலையை இலையுதிர்காலத்தில் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு மால்மர் பெரிய பிரபு ஆகிவிட்டான். சத்திரத்தில் எல்லாருக்கும் அவன் செலவில் விருந்து. சமையல்காரிக்கும் தோட்டக்காரனுக்கும் தவறாமல் சம்பளம். "எங்க வீட்டுல யாரையும் வேலைய விட்டு அனுப்பறதில்ல" என்று வாரா வாரம் சொல்வார் ஸ்டூரே. அதைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தில் உயிர் வரும். அதைப் பிடுங்குவதா? பிடுங்காவிட்டால் அவருக்கு இந்த ஞாயிறும் போய்விடும். மரீட்டுக்குப் பாவமாகவும் இருந்தது, தன்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

காபி ஊற்றி, பன் தட்டை நடுவில் வைத்துவிட்டு ஆரம்பித்தாள். மால்மர் வீட்டு நாய்கள் குரைக்கின்றன. பின்கதவு திறந்து கிடக்கிறது.

ஸ்டூரே பகடையை உருட்டினார்.

"இருபது!" என்று யோன்னா கத்தினாள். அதைவிடப் பெரிய எண் அந்தப் பகடையில் கிடையாது. திருடன் ஒருவனின் கழுத்துப்பட்டை மால்மரின் கைக்கு வந்துவிட்டது.

"வெட்டுப்பா, என்ன பாத்துட்டிருக்க?" என்றான் ஈவர்.

"இருடா." ஸ்டூரே மரீட்டை நேராகப் பார்த்தார். "உன் பேரென்ன, தம்பி?"

கதை நடத்துகிறவர்களுக்கு இதைவிடக் கண்டம் இல்லை. பத்துப் பேருக்குப் பெயர் எழுதி வைத்தால், ஆடுகிறவர்கள் பதினோராவது ஆளிடம்தான் போய்ப் பேர் கேட்பார்கள்.

"எஸ்கில், ஐயா" என்றாள் மரீட், திருடனின் குரலில்.

"ஏன் திருட வந்த?"

அதையும் அவள் எழுதவில்லை. வாய் முந்திக்கொண்டது. "சுரங்கத்த மூடிட்டாங்க ஐயா. ஊர்ல யாருக்கும் வேலையில்ல."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஈவர் கலக்க ஒன்றுமில்லாத காபியைக் கலக்கினான்.

"ஏன் மூடினாங்க?" ஸ்டூரேயின் குரல் மாறவில்லை.

"தண்ணி புகுந்துருச்சு. இறைக்கறது செலவுன்னு முதலாளி கைய விரிச்சுட்டார்."

"உள்ள இரும்பு இருக்கா?"

"நெறைய இருக்கு ஐயா."

"திறக்க எவ்வளவு ஆகும்? இறைக்கிற சக்கரம், மரம், ஒரு வருஷச் சம்பளம். என் சமையல்காரி, தோட்டக்காரன் சம்பளத்தையும் அதுலயே சேத்துக்கோ."

மரீட் ஒரு துண்டுத் தாளில் கூட்டினாள். குறைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இருக்கறது எல்லாமே போயிடும், ஸ்டூரே" என்றாள். திருடனின் குரலை விட்டுத் தன் குரலிலேயே சொன்னாள்.

ஸ்டூரே மற்ற இருவரையும் பார்த்தார். "இது மூணு பேர் காசு. என்ன சொல்றீங்க?"

"குடுத்துடுப்பா. சனியன் விட்டுச்சு" என்றான் ஈவர்.

"எனக்கு ஒரு குதிரைய மட்டும் விட்டு வைங்க. நடக்க முடியாது" என்றாள் யோன்னா.

ஸ்டூரே ரப்பரை எடுத்துத் தன் தாளில் இருந்த பொற்காசுக் கணக்கை அழித்தார். தூளை ஊதிவிட்டார்.

மீதி மதியம் முழுவதும் சுரங்கத்துத் தண்ணீருக்குள்தான் கழிந்தது. அதில் ஒரு பிசாசு குடியிருந்தது. காசு கொடுத்து அனுப்பக் கையில் காசு இல்லை. மாதக்கணக்கில் நாற்காலியில் சாய்ந்தே கிடந்த ஈவர் எழுந்து நின்று பகடை உருட்டினான். யோன்னாவின் குதிரை செத்துப்போனது. மூவரும் நனைந்து, அடிபட்டு, கடைசியில் பிசாசைத் துரத்தினார்கள். தண்ணீர் வடிந்தது.

"நாளைக்குச் சுரங்கம் திறக்குது" என்றாள் மரீட். "மால்மர்கிட்ட ஒரு காசு இல்ல. என்ன பண்றான்?"

ஸ்டூரே காலிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கிறான். சாப்பாட்ட டப்பாவுல எடுத்துக்கறான்."

"முதலாளியாச்சே, எதுக்கு அவ்வளவு சீக்கிரம்?" என்றாள் யோன்னா.

"முதலாளியா? அதெல்லாம் எஸ்கில் பாத்துக்கட்டும்." ஸ்டூரே பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டார். "மால்மர் வேலைக்குப் போறான்."