நிருஷா அக்காவுக்கு ஓர் அறிமுகம்

1.

இந்தக் கதை ஒரு காணொளியின் கீழே கிடந்த கேள்வியில் தொடங்கியது. பர்மிங்ஹாம் மேடையில் நிருஷா அக்கா ஜமைக்காவின் ரெகே இசையில் பாடுகிறாள். கீழே, அவள் யாருடைய பிள்ளை என்று யாரோ கேட்டிருந்தார்: "இவ ஆர்ர ஆள்?" பதில் எழுதினேன். அழித்தேன். அவ்வளவு துணிவு எனக்கில்லை. ஆகவே கதை.

2.

முதல் தொடக்கம்: "நிருஷாவின் பாட்டு பிரித்தானிய வானொலிகளில் எல்லாம் ஒலித்த அந்தக் கோடையில்..."

(விட்டுவிட்டேன். செய்தி போல இருக்கிறது.)

இரண்டாவது: தாய் இராசாத்தி, மட்டக்களப்பு வாவிக்கரைக்காரி. தகப்பன் ஜமைக்காக்காரர். பத்திரிகைகள் அவளைப் பாதி இது, பாதி அது என்றே எழுதின. பாட்டு நிறுவனம் பெயரை மாற்றச் சொன்னது. மறுத்தாள்; ஒப்பந்தம் போயிற்று. பிறகு தானே பாட்டுகளை வெளியிட்டாள். மண்டபங்கள் சிறுத்தன. பாட்டுகள் நன்றாக வந்தன.

இது இருக்கட்டும். அவள் என் பெரியம்மாவின் மகள்; பெருமையைக் குறைத்தே எழுதியிருக்கிறேன்.

3.

இந்த ஆண்டு ஊருக்கு வந்தாள். எங்கள் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு குடிக்கும், அதாவது வம்சத்துக்கும், ஒரு நாள். அன்றைய மேடை அந்தக் குடிப் பிள்ளைகளுக்கே. அதில் பாட வேண்டும் என்றாள்.

"அங்க எத்தின மேடையும் கிடைக்கும். இது தந்தாத்தான் நான்..."

(வாக்கியத்தை நான் வெட்டவில்லை. அவள்தான் முடிக்கவில்லை.)

கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் அழகரத்தினத்திடம் போனோம். அவர் ரெகே பாடகர்களைப் போல் அவள் திரித்துவிட்டிருந்த சடைகளைப் பார்த்தார்.

"சாமியாராப் போகப்போறியா புள்ள?"

"இல்ல மாமா. பாட வந்தன்."

திருவிழாக் குழுவின் உதயரூபன் இடைமறித்தார். "தகப்பன் வெளிநாட்டாள். எந்தக் குடியில சேக்கிற?"

வண்ணக்கர் அவர் பக்கம் திரும்பினார். "உன்ர குடி உனக்கு அப்பன் தந்ததாடா? இவட தாய் ஆர்?"

"இராசாத்தி," என்றாள் அக்கா.

"மறுகா என்ன? முழுசா அந்தக் குடிதான். பாதி கீதியெல்லாம் லண்டன்காரன் வெச்சிக்கட்டும்."

"சத்தம் கூடவா இரிக்குமே, வண்ணக்கர்."

"நீ கொளுத்துற வெடியவிடவா?"

(அடிக்குறிப்பு: எங்கள் குடியைப் போலவே உடற்கலத்தின் இழைமணிகளும், அதாவது மைட்டோகாண்ட்ரியாவும், தாயிடமிருந்தே வருகின்றன. விஞ்ஞானம் படித்தவளால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தாண்டிப் போங்கள்.)

4.

முடிவு அ: கூட்டம் எழுந்து ஆடுகிறது. (நம்பாதீர்கள். எங்கள் பெரியவர்கள் பாயில் இருந்தபடி கால்விரலை மட்டும் அசைப்பார்கள்.)

முடிவு ஆ: மின்சாரம் போகிறது, அவள் ஒலிவாங்கி இல்லாமலே... (சினிமா.)

நடந்தது வேறு. உதயரூபன் ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார்.

"நீயே அறிமுகம் செய். உன்ர அக்காதானே."

அவளுடைய விருதுகள், மேடைகள், வானொலிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒலிவாங்கியை வாங்கினேன்.

"இராசாத்தியின் மகள், நிருஷா," என்றேன்.

மீதியைச் சொல்வதற்குள் அவள் மேடைக்கு வந்துவிட்டாள்.

எப்படிப் பாடினாள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொந்தக்காரி, கூட்டிச் சொல்வேன். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.