டெல்மர் ஸ்ட்ரவுட்டுக்குக் குறைந்த முப்பத்தொரு நாட்கள்

1

இந்தக் கதை ஒரு பெல்ட்டிலிருந்து கிளம்பியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேஸ்பாலைப் பற்றி எழுதுகிறவன் மட்டை, பந்து, புல்தரை என்று மரியாதையாக ஆரம்பிக்க வேண்டும். நானும் ஆரம்பித்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் வெயிலில் எனிட் நகரத்து மைதானம் பச்சைப்பசேலென்று —

பொய். ஒக்லஹோமாவில் ஆகஸ்டில் எதுவும் பச்சையாக இருக்காது.

டெல்மர் ஸ்ட்ரவுட்டுக்கு வயது முப்பத்தெட்டு. அவனுடைய வலது முழங்கையை இரண்டு முறை அறுத்து —

இதுவும் வேண்டாம். ஆள் வருவதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிடுகிறது.

(நான் ஒரு பெரிய லீக் அணியின் அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவன். ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களை எடைபோடுகிறவர்கள் அனுப்பும் அறிக்கைகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஆட்டத்தை நான் பார்த்ததைவிடத் தட்டச்சு செய்ததுதான் அதிகம்.)

2

அப்படி எடைபோடப் போகிறவர்களில் ஒருத்தி நடீன் ஓக்லி. ஐம்பத்தொன்பது வயது, எப்போதும் ஒரு வாடகைக் கார், பந்தின் வேகத்தை அளக்க எப்போதும் ஒரு வேகமானி. எனக்கு அவள்மீது சந்தேகம் உண்டு. மனுஷியாக அல்ல, கதாபாத்திரமாக. இவ்வளவு நேர்மையான ஆளைக் கதைக்குள் விட்டால் எல்லாருக்கும் சங்கடம்.

போன வருஷம் அவள் “தாராளமாக எடுக்கலாம்” என்று எழுதிய பந்துவீச்சாளன் மூன்றாவது ஆட்டத்திலேயே தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இன்னொரு முறை அப்படி ஆனால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரிக்காமல் சொல்லியிருந்தால் அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

இந்த வருஷம் சீசன் முடிய நாற்பத்துமூன்று நாள் இருக்கும்போது அணியில் இரண்டு பந்துவீச்சாளர்கள் படுத்துவிட்டார்கள். எந்த அணியும் எடுக்காமல் எனிட்டில் சும்மா இருந்தான் பழைய பந்துவீச்சாளன் டெல்மர். போய்ப் பார், பார்த்த மறுநாள் மதியம் பன்னிரண்டுக்குள் சொல், சரியென்றால் நாற்பத்துமூன்று நாளைக்கு ஒப்பந்தம் என்று நடீனை அனுப்பினார்கள்.

டெல்மருக்கு அதில் முப்பத்தொன்று போதும்.*

* பெரிய லீக்கில் பத்து வருஷம் என்பது தனிக் கௌரவம். பத்தில் ஒருவனுக்குக்கூட வாய்ப்பதில்லை. அது முடிகிற அன்று உடைமாற்றும் அறையில் மொத்த அணியும் எழுந்து நின்று கோப்பை உயர்த்தும். நூற்று எழுபத்திரண்டு நாள் அணியில் இருந்தால் ஒரு வருஷம் என்று கணக்கு. டெல்மரிடம் ஒன்பது வருஷமும் நூற்று நாற்பத்தோரு நாளும் இருந்தன. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: சேர்ந்தபின் அடிபட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அந்த நாட்கள் கணக்கில் சேரும்.

3

பந்தெறியப் பார்க்கும் முன் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது நடீனின் வழக்கம். முழங்கை கெட்டவன் சட்டைப் பொத்தானிலோ காப்பிக் கோப்பையிலோ மாட்டிக்கொள்வான். இது பந்துவீச்சாளர்களுக்கும் தெரியும். ஆகவே இரண்டு பேரும் நடிப்பார்கள்.

டெல்மர் சிரப் ஜாடியை வலது கையால் தலை உயரத்துக்குத் தூக்கி ஊற்றினான்.

“என்ன டெல், பான்கேக்கைக் குளிப்பாட்டறியா?”

“கையைப் பாக்கத்தானே வந்தீங்க மேடம்? நல்லாப் பாத்துக்குங்க.”

“காட்டு, காட்டு. காப்பியையும் அதாலயே குடி.”

“போன வாரம் வேற டீம்லேருந்து ஒருத்தர் வந்தாரு. நாலு தடவை உப்பை எடுத்துக் குடுன்னாரு. இந்த மனுஷனுக்கு ரத்தக்கொதிப்பு வந்துடப் போகுதுன்னு என் பொண்டாட்டி ட்வைலா பயந்தே போயிட்டா.”

நடீன் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் துடைக்கும் காகிதம் எடுக்க எழுந்தான். அப்போதுதான் பெல்ட்டைப் பார்த்தாள். வலதுகைக்காரன் மாட்டிய பெல்ட்டின் நுனி இடது பக்கம் போகும். இவனுடையது வலது பக்கம் போயிருந்தது.

(முதல் பிரதியில் அவள் உடனே கேட்டுவிட்டாள். அடித்துவிட்டேன். பிடித்தவனின் குறையைக் கண்டுபிடித்தால் யார் உடனே கேட்கிறார்கள்?)

4

உள்ளூர்ப் பள்ளி மைதானத்தில் நாற்பது பந்து எறிந்தான். வேகமானி தொண்ணூற்றொரு மைல் காட்டியது. எதிரே உட்கார்ந்து பிடித்த பள்ளிப் பயிற்சியாளர் கையுறையை வைத்த இடத்திலிருந்து நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை. நடீன் வேகமானியைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். முப்பது வருஷமாக அவளை இந்த வேலையில் கட்டிப்போட்டிருந்த அழகு அதுதான்.

பயிற்சியாளர் போகும்வரை காத்திருந்தாள்.

“டெல், பெல்ட்டை எந்தக் கையால மாட்டின?”

குனிந்து பார்த்துக்கொண்டான். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்.

“எந்திரிச்சு ரெண்டு மணி நேரத்துக்கு இது என் கையே இல்ல மேடம். வெந்நீர்ல வெச்சு வெச்சுத்தான் வழிக்குக் கொண்டுவரேன்.”

“தெச்ச தசைநார் கிழிஞ்சா?”

“கிழியட்டும். பேரு லிஸ்ட்ல இருக்கும்ல? உக்காந்தே பத்தைத் தொட்ருவேன்.”

“அணி என்ன ஆறது?”

“சும்மா உக்காரவா வரேன்? கிழியற வரைக்கும் எறிவேன். அது உங்களுக்கே தெரியும்.”

“மறுபடி கிழிஞ்சா டாக்டர் என்ன பண்ணுவாராம்?”

“தெக்கறதுக்கு இனிமே ஒண்ணும் இல்லியாம். சாப்பிட, எழுத எல்லாம் இடது கையைப் பழக்கிக்கச் சொன்னாரு.”

“ட்வைலாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நீங்களும் சொல்லாதீங்க.” பிறகு மெதுவாக, “முப்பத்தொரு நாள் மேடம். ஒரே ஒரு மாசம், அவ்வளவுதான்.”

 (அணி டாக்டர் படம் எடுத்துப் பார்க்க மாட்டாரா என்று கேட்பீர்கள். பார்ப்பார். இத்தனை வருஷம் எறிந்த முழங்கையின் படம் எப்போதும் பயங்கரமாகத்தான் இருக்கும். எங்கள் டாக்டர் கடைசியில் நடீன் எழுதிய வரியைத்தான் பார்ப்பார்.)

5

மறுநாள் பதினொன்றே முக்காலுக்கு அறிக்கை வந்தது. வேகம், குறி, குணம், எல்லாம் எழுதியிருந்தாள். முழங்கை என்ற இடத்தில் ஒன்றுமில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“நடீன், ஒரு வரி விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகல.”

“காலியா இருந்தா கணினி ஏத்துக்காது.”

அவள் பெல்ட் கதையைச் சொன்னாள். முழுசாகச் சொன்னாள். பிறகு, “பொய் எழுதிப் பழக்கமில்ல எனக்கு. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு நிஜத்தையும் எழுத முடியல. நீ அவனைப் பாக்கல இல்ல? நீயே போடு” என்று வைத்துவிட்டாள்.

முடிவு ஒன்று: ‘நலம்’ என்று போட்டேன். டெல்மர் நான்கு ஆட்டம் ஜெயித்தான். பத்தொன்பதாம் நாள் கை கிழிந்தது. முப்பத்தொன்றாம் நாள் கோப்பைகள் உயர்ந்தன, பெரிய ஆண்பிள்ளைகள் அழுதார்கள். அறிக்கையில் இருந்தது நடீனின் பெயர், அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முடிவு இரண்டு: ‘எடுக்க வேண்டாம்’ என்று போட்டேன். டெல்மர் எனிட்டில் இருக்கிறான். வலது கையால் முட்டை உடைக்கிறான், மகளுக்குத் தலை வாரிவிடுகிறான். சீசன் நடக்கும் மாதங்களில் யாரோடும் பேசுவதில்லை. கை பிழைத்ததற்கு யார் காரணம் என்று தெரியாமலே ட்வைலா நன்றி சொல்லிக்கொள்கிறாள்.

மூன்றாவது முடிவு ஒன்று எழுத —

இல்லை, மூன்றாவது கிடையாது. இந்த இரண்டில் ஒன்று நடந்தது. எதுவென்று சொல்ல மாட்டேன். உத்தி என்று நினைத்துவிடாதீர்கள், வெறும் கோழைத்தனம். சொன்னால் பாதிப் பேர் என்னைத் திட்டுவீர்கள், பாதிப் பேர் மன்னிப்பீர்கள். மன்னிப்பைத்தான் என்னால் தாங்க முடியாது.

உங்களுக்கு அவனைத் தெரியாது. அவன் எறிந்ததை நீங்கள் பார்க்கவில்லை. நியாயமாகச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று தோன்றலாம். அன்று எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பன்னிரண்டுக்கு இன்னும் நான்கு நிமிஷம். மேலாளர் வாசலில் வந்து நிற்கிறார், இன்றைக்கும் சிரிக்கிறார். திரையில் முழங்கை வரி இன்னும் காலி. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

உட்காருங்கள்.