கேட்டால் வரும் பந்து

“‘தா’ன்னு கேளுலே. கேட்டா பந்து வரும்.”

“நான் எதுக்குக் கேக்கணும்? முன்னால ஆளில்லாத எடத்துல நிக்கேன். ஒனக்குக் கண்ணு உண்டுல்லா?”

“கண்ணு உண்டு. எண்ணாலும் வாயத் தொறந்து கேக்கணும். நம்ம டீமுல அதாக்கும் சட்டம்.”

“அப்போ பந்த நீயே வச்சிக்கோ.”

இருபது வருஷத்துக்கு முந்திய இந்தப் பேச்சு, அண்ணன் எலியாவின் சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற நேரத்தில்தானா ஞாபகம் வரவேண்டும் என்று ராபின்சன் எரிச்சல்பட்டார். அந்த ஒரு சண்டைக்காகப் பொழியூர்க்காரர்களோடு நடந்த கால்பந்துக் களியில், கேப்டனாக இருந்த அண்ணன் அவரை வெளியே உட்கார வைத்தார். அன்றைக்கு மைதானத்தை விட்டு வந்தவர் திரும்பப் போகவில்லை. உதியன்குளங்கரையில் மரம் அறுத்து விற்கும் தடி டிப்போ போட்டு ஆளானார். அண்ணனோ பாறசாலையிலேயே மிஷன் பள்ளியில் டிரில் மாஸ்டராகி, பயல்களுக்குப் பந்துகளி சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்து, நாற்பத்தைந்து வயதில் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார்.

அதுவும் என்ன களி! சுண்ணாம்புத்தூளில் ஒரு வட்டம். சுற்றி எட்டுப் பேர், நடுவில் இரண்டு பேர். நடுவில் நிற்பவர்களுக்குச் சிக்காமல் பந்து ஐம்பது தடவை கால் மாறவேண்டும். பந்து வைத்திருப்பவனின் பெயரைச் சொல்லி, ‘தா’ என்று கேட்கவேண்டும். கேட்டவனுக்குத்தான் பந்து. கொடுத்தவன் சும்மா நிற்காமல் ஆளில்லாத இடத்துக்கு ஓடவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தவனுக்கு மைதானத்தை மூன்று சுற்று ஓடும் தண்டனை. இது களியா, கல்யாண வீட்டில் அவியல் விளம்புகிற வேலையா என்று ராபின்சன் டிப்போவில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். கேட்டவர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கு அவரிடம் தடி வாங்கவேண்டியிருந்தது.

இன்று முற்றத்தில் கூடியிருந்தவர்களைப் பார்த்தால் அந்தச் சிரிப்புக்கூட வரவில்லை. மாநிலங்களைப் பிரிக்கிற கமிஷனின் அறிக்கை வந்து ஒரு மாதம் ஆகிறது. தெற்கே நாலு தாலுகா மதராசுக்கு, இந்த ஊர் இருக்கிற நெய்யாற்றின்கரை மட்டும் மலையாளத்தோடேயே என்று எழுதிவிட்டார்கள். அதிலிருந்து இந்த ஊரில் சாவு வீட்டுக்கும் இரண்டு பக்கம். தமிழர் போராட்டக் கமிட்டி செல்லசாமி ஒரு கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்தபடி நின்றார். டீமிலிருந்து மலையாளத்துப் பயல்களைக் கழித்துவிடும்படி அண்ணனிடம் மூன்று தடவை வந்து சொன்ன மனிதர். எதிர்க்கட்சிக் கிருஷ்ணன்குட்டி மாலையோடு வந்து, செல்லசாமிக்கு நேர் எதிரே இடம் பிடித்தார். தமிழ்ப் பயல்களைக் கழிக்கச் சொல்லி வந்தவர் இவர். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டிருந்தால் அண்ணன் அந்த வட்டத்தில் தனியாகத்தான் நின்றிருப்பார்.

செல்லசாமி தொண்டையைச் செருமினார். “பெட்டிய நம்ம பயலுவ மட்டும் எடுத்தா போரும். கொடியும் ஒண்ணு போத்தணும்.”

மதினி ஞானபாய் தலை நிமிரவில்லை. “அவுகளுக்க டீம் எடுக்கும். பதினோரு பேரும் எடுக்கும். மழைக்காறு உண்டு அண்ணாச்சி, கொடி நனையும். வீட்டுல கொண்டு வையுங்க.”

கொழுந்தனைப் பற்றி மதினி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராபின்சன் காத்திருந்தார். அப்பா போனபோது முன்னால் வலது பக்கம் அண்ணன், இடது பக்கம் அவர். கூடப்பிறந்தவனின் தோளில்லாமல் இந்த வீட்டிலிருந்து பெட்டி இறங்கியதில்லை. போதாததற்குப் பெட்டி அவருடைய டிப்போ அயினி மரம். மாம்பலகை வேண்டாம் என்று ஒன்றரை இஞ்சு கனத்தில் அவரே முன்னின்று அறுத்துக் கொடுத்தது. ‘வாருங்கள், பிடியுங்கள்’ என்று ஒருவராவது சொல்லவேண்டாமா?

யாரும் சொல்லவில்லை. நாலு பயல்கள் குனிந்து பெட்டியைத் தூக்கினார்கள். இவர்களிடம் கேட்டுக்கொண்டா நிற்பது என்று ராபின்சன் பாய்ந்து, முன்னால் நின்றவனை இடித்துத் தள்ளித் தோளை நுழைத்தார். பெட்டி சட்டென்று சாய்ந்தது. உள்ளே அண்ணன் நகர்ந்து பலகையில் முட்டுகிற சத்தம் கேட்டது. ஞானபாய் வாயைப் பொத்திக்கொண்டாள். டீமின் கேப்டன் சோமன் பாய்ந்து வந்து கைகொடுத்து நிமிர்த்தினான்.

“சொல்லீட்டு கேறணும் சாரே,” என்றான் மெதுவாக. “இல்லெங்கில் பெட்டி சரியும்.”

ராபின்சன் தோளை எடுத்துக்கொண்டார். கேட்டுவிட்டு நுழையவேண்டும் என்று மீசை முளைக்காத பயலிடம் பாடம். அண்ணன் செத்தும் வெளியே உட்கார வைத்துவிட்டார்.

கல்லறைத்தோட்டத்துக்கு ஒன்றரை மைல். வலது ஓரமாக, யாரோடும் பேசாமல் நடந்தார். அயினிக்கு நல்ல கனம். ஐம்பது அடி போவதற்குள் பயல்களின் கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதெல்லாம் பக்கத்தில் ஒரு குரல் எழும்.

“சத்தியா, தா.”

சுமந்தவன் விலக, கேட்டவனின் தோள் அந்த இடத்தில் இருக்கும். நடை நிற்காது. விலகியவன் இளைப்பாறாமல் முன்னே ஓடி, எந்தப் பக்கத்தில் ஆள் குறைவோ அங்கே போய்ச் சேர்ந்துகொள்வான்.

“தாஸே, தா.”

“சோமா, தா.”

சாவுக்கும் விளம்புகிறான்கள் என்று ராபின்சன் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். டிப்போவாக இருந்தால் இதற்கு நாலு பேராவது சிரித்திருப்பார்கள். பின்னால் செல்லசாமியும் கிருஷ்ணன்குட்டியும் தாலுகாவைப் பங்கு வைத்தபடி வந்தார்கள். குளத்தங்கரை ஏற்றத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கவே தாலுகா வழியிலேயே நின்றுவிட்டது. பயல்களின் குரல் மட்டும் கேட்டது. கிருஷ்ணன்குட்டியின் மாலையைப் பெட்டி மேல் யாரோ சும்மா வைத்திருந்தார்கள். கட்டவில்லை. ஏற்றம் ஏறி, இறக்கம் இறங்கி, சேற்றைத் தாண்டி வந்த பிறகும் அது வைத்த இடத்திலேயே இருந்தது. அதை நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது ராபின்சனுக்குப் பிறகுதான் உறைத்தது.

கல்லறைத்தோட்டத்தின் கேட் தெரிந்தது. முன்னால் வலது பக்கம் இப்போது சோமன். அவன் வந்து வெகுநேரம் ஆகிவிட்டது. வியர்வை கண்ணில் இறங்க, துடைக்கக் கையில்லாமல் தலையை உதறிக்கொண்டான். மற்ற மூன்று தோளும் அதற்குள் இரண்டு தடவை மாறிவிட்டன. இவனிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

என்ன பயல்கள் இவர்கள், கேப்டனைச் சாகவிடுகிறார்கள் என்று ராபின்சன் அலட்சியமாகத் திரும்பிப் பார்த்தார். இடது பக்கம் நாலு பேர், பின்னால் மூன்று பேர். வலது ஓரத்தில் ஒருவனும் இல்லை. ஆள் குறைந்த பக்கம் தேடி ஓடியவர்கள்கூட வீட்டுப் படியிலிருந்தே அந்தப் பக்கம் மட்டும் வரவில்லை. அவர் மட்டும்தான் அந்தக் காலி இடத்தில் நடந்து வந்திருக்கிறார்.

சோமன் அவரைப் பார்த்தான். முன்னால் பார்த்து நடந்தான்.

கேட்டுக்கு இருபது அடி இருந்தது. பத்து அடி ஆனது. ராபின்சன் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பெட்டியை ஒட்டி வந்தார். இந்த முறை இடிக்கவில்லை. சோமன் என்ற பெயர் நாக்கு வரை வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

“அண்ணே, தா.”