சுகந்தியின் வாசலில் நின்றவன்

சுகந்தியைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனாலும் ஒரு செவ்வாய்க்கிழமை விடாமல் அவளைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுகந்தி டிவி நாடகத்தில் வருகிறவள். நாடகத்துக்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் யாரும் அதைச் சொன்னது கிடையாது. "இன்னைக்குச் சுகந்தி உண்டு" என்றால் போதும், எல்லாரும் சாயங்காலமே உலை வைத்து இறக்கிவிடுவார்கள். அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன். தகவல் இல்லை. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் அந்த மகராசி கட்டியிருக்கும் சேலை எப்போதும் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும். தலையில் பூ வாடவே வாடாது. வாசலில் நின்று அழும்போதுகூட மை கலையாது. பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே நான் அவளை வைதுகொண்டிருப்பேன். காத்திருக்கிற பொம்பளை எப்படி இருப்பாள் என்று தெரியாதவர்கள்தான் இதை எடுத்திருக்க வேண்டும். என்னிடம் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டியன், பம்பாய் மில்லில் வேலை இருக்கிறது என்று எங்கள் ஊர் அருமைநாயகத்தோடு ரயிலேறிப் போனார். அருமைநாயகம் மட்டும்தான் பம்பாய் போய்ச் சேர்ந்தான். "குண்டக்கல்லுல டீ குடிக்க எறங்கினான். வண்டி நவந்துட்டு. வேற பெட்டியில ஏறியிருப்பான்னு நெனைச்சேன்" என்று பிறகு ஊருக்கு வந்து சொன்னான். இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தகவல். என் கொழுந்தன் தளவாய் அந்த ஊருக்கே போய் ஸ்டேஷன் முழுக்க விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். அது ஆகிவிட்டது ஒன்பது வருஷம். இன்றைக்கும் யாராவது ரயிலிலிருந்து டீ குடிக்க இறங்கினால், அவர் திரும்ப ஏறுகிற வரை நான் ஜன்னலை விட்டு நகர மாட்டேன்.

டிவி இருந்தது சைதூன் பீவி அக்கா வீட்டில். எங்களுக்கு அடுத்த வீடு. அவள் புருஷன் முகம்மது இஸ்மாயில் சவூதியில் தம்மாமிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த பெட்டி அது. கொடைக்கானலில் டவர் வைத்த பிறகுதான் அதில் மெட்ராஸ் படம் தெரிய ஆரம்பித்தது. இஸ்மாயில் மாதாமாதம் கேசட்டில் பேசி அனுப்புவார். அக்கா அதைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். அந்த வருஷம் ரம்ஜானுக்குப் பிறகு கேசட் வரவில்லை. "தபால்ல சொணக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் தலையை ஆட்டினோம்.

கேட்டால் சிரிப்பீர்கள். சுகந்தி கதையின் கடைசி வாரத்தை வைத்து நான் மனதுக்குள் பூக்கட்டிப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் முடிவு தெரியாத காரியத்துக்குச் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஒன்று, சிவப்பு வந்தால் ஒன்று. என் மாமியார் வள்ளித்தாய் வருஷா வருஷம் என்னைக் கூப்பிடுவாள்.

"ஏட்டி முப்பிடாதி, இலஞ்சிக்குப் போவோம். முருகன்கிட்ட பூக்கட்டிக் கேட்டுருவோம். இருக்கானா இல்லையான்னு அவன் சொல்லட்டும்."

நான் போனதே இல்லை. முருகன் பொய் சொல்ல மாட்டான். அதுதான் எனக்குப் பயம். நாடகக்காரர்கள் அப்படியா? சனங்கள் மனம் குளிரத்தானே கதை எடுக்கிறார்கள்? இவ்வளவு வாரம் காக்கவைத்துவிட்டுச் சுகந்தி புருஷனைக் கொண்டுவராமல் விடுவார்களா? அவன் வந்தால் இவரும் வருவார். எனக்கு வேண்டிய பூவை அவர்களே எடுத்துத் தருவார்கள் என்று நம்பினேன்.

அந்த ஆடியில் அத்தை பிடிவாதமாகக் கேட்டாள். ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து மகனுக்குக் காரியம் முடித்துவிட வேண்டும். நான் தாலியைக் கழற்ற வேண்டும். அவளைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஒன்பது வருஷமும் எனக்கு முன்னால் ஒரு வாய் சோறு அவள் தின்றதில்லை.

"கனவுல வந்து நிக்குதான்ட்டி. தண்ணி கேக்குதான். நான் செம்பை நீட்டுதேன், அவன் கைக்கு எட்ட மாட்டேங்குது. செத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாம அங்கன தவிக்க விட்டுருக்கோம்."

"இருக்கிறவகளுக்குச் செஞ்சா அது எங்க போய் முடியும் அத்தை?"

அவள் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. செத்திருந்தால் பட்டினி போடுகிறேன். உயிரோடு இருந்தால் கையால் கொல்லப் போகிறேன். இதற்கு நடுவில் தளவாய் வாசல்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துச் சொன்னான்.

"மதினி, நான் அவசரப்படுத்தல. அம்மை கண்ண மூடுததுக்குள்ள அண்ணனுக்கு ஒரு கை எள்ளுந்தண்ணியும் எறைச்சுட்டா அவ நிம்மதியாப் போவா. நீங்க வேண்டாம்னா நான் செய்ய மாட்டேன்."

"புதன்கிழமை சொல்லுதேன்" என்றேன். சுகந்தி கதை முடிவது செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்தே சாரல். மலையிலிருந்து இறங்கிய காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. சைதூன் அக்கா வீட்டுப் பட்டாசலில், டிவி இருந்த கூடத்தில், கால் வைக்க இடமில்லை. ரேடியோ கடை அய்யாக்குட்டி கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மாடியில் ஆன்டெனாவைப் பிடித்தபடி நின்றான். "தெரியுதா?" என்று அவன் மேலிருந்து கேட்பதும், "இன்னும் கொஞ்சம் மலைப் பக்கம் திருப்பு" என்று கீழிருந்து சொல்வதுமாகக் கதை ஓடியது. நான் அன்று பீடி சுற்றவில்லை. சுகந்தியை வையவும் இல்லை. ஒரு மருமகளைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சுகந்தி விளக்கேற்றுகிறாள். கதவைத் தட்டுகிற சத்தம். அவள் திரும்புகிறாள். நடந்து வருகிறாள். தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். கதவு திறக்கிறது. வெளியே ஒரு ஆம்பளையின் செருப்புக் கால் தெரிந்தது. அப்போது கரண்டு போயிற்று.

எல்லாரும் மின்சார ஆபீஸ்காரர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைதார்கள். இருட்டில் நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கரண்டு வந்தபோது டிவியில் யாரோ உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இனி அது திரும்ப வராது. சினிமா என்றால் இன்னொரு தியேட்டருக்குப் போய்ப் பார்க்கலாம். இதை எங்கே போய்ப் பார்ப்பது? பொட்டலத்தைப் பிரிக்கிற நேரத்தில் பிள்ளையின் கையிலிருந்து காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.

மறுநாள் காலையில் தண்ணீர் எடுக்கப் போகும்போது சைதூன் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, சுரண்டையில எங்க மாமி மவ முழுசும் பாத்திருக்கா. அங்க கரண்டு போகலையாம். அவந்தான் வந்து நின்னானாம்."

"நெசமாவாக்கா?"

"பெறகு என்ன. சுகந்தி செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாளாம். அதோட முடிஞ்சிட்டாம்."

நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அத்தையிடம் முடியாது என்று சொன்னேன். அவிய வருவாவ என்றேன். எதை வைத்துச் சொல்கிறாய் என்று அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அன்றைக்கு எனக்குச் சோறு போட்டுவிட்டு அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். எனக்கு அது உறைக்கவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன். சாயங்காலம் தலைக்குப் பூகூட வைத்தேன்.

அமாவாசைக்குக் குற்றாலத்துக்கு எல்லாரும் போனோம். தளவாய் அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ண வேண்டும், நாங்கள் குளிக்க வேண்டும். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. பேரருவியில் தண்ணீர் பாறையைத் தாண்டி வந்து விழுந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டுப் பெண்கள் சேலை மாற்றுகிற இடத்தில் நின்று முந்தியைப் பிழிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஆலங்குளத்துக்காரப் பொம்பளைகள் இரண்டு பேர் தலை துவட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு அந்த முடிவு பிடிக்கவே இல்லக்கா. இதுக்கா இத்தனை வாரம் ஒக்காந்து பாத்தோம்?"

"சுகந்தியா?"

"பின்ன. கதவத் தொறந்தா, கூடக் கப்பல்ல வேலை பாத்தவன் நிக்குதான். இவ புருஷன் வாட்ச்ச மட்டும் கொண்டாந்து குடுக்கான். இவ அழவும் இல்ல. அதுக்குச் சாவி குடுத்து, காதுல வச்சுக் கேட்டா. அதோட முடிச்சிட்டான் பாவி."

"எங்க வீட்டுல அன்னைக்கு ஒருத்தரும் சோறு திங்கலை" என்றாள் மற்றவள்.

பிழிந்த முந்தி கையில் இருக்க அப்படியே நின்றேன். முதலில் வந்தது கோபம்தான். மெட்ராஸில் மழைபடாமல் உட்கார்ந்துகொண்டு கதை எழுதுகிறவனுக்கு அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க என்ன செலவு? ஒரு நடிகனுக்குத் தாடி ஒட்டி நிறுத்தியிருந்தால் போதாதா? அந்தப் பட்டாசலில் இருந்த எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு வந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த முடிவுதான் சரி என்று எனக்குப் பட்டது. கஞ்சி போட்ட சேலையும் வாடாத பூவுமாக இவ்வளவு நாள் பொய்யாக நின்ற சுகந்தி, அந்த வாட்ச்சைக் காதில் வைத்தபோதுதான் நிஜப் பொம்பளை ஆனாள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். பார்க்காமலே எனக்கு அது தெரிந்தது. இனி யார் கதவைத் தட்டினாலும் ஓட வேண்டாம் என்று நினைத்தபோது உடம்பு லேசானது. அந்த நிம்மதியை நான் இன்னமும் மன்னிக்கவில்லை.

அத்தை படித்துறையில் கூட்டத்துக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். தளவாய் அப்பாவுக்கு எள் இறைத்து முடித்திருந்தான். நான் போய் அவள் பக்கத்தில் குத்தவைத்தேன்.

"அத்தை, இன்னும் எள்ளு இருக்கா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முந்தியில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கை எள்ளும், காய்ந்த தர்ப்பையும் இருந்தன.

"ஒவ்வொரு வருசமும் அவன் பங்கைத் தனியா முடிஞ்சு கொண்டாருவேன். திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோயிருவேன்" என்றாள். "நீ சொல்லாம எப்படிச் செய்ய?"

ஐயர் தர்ப்பையை முறுக்கி ஒரு சாணில் மனுஷ உருவம் செய்தார். தலைக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு. ஆறடி மனுஷன் என் வீட்டுக்காரர். ஐயர் பெயர் கேட்டார். தளவாயால் சொல்ல முடியவில்லை. சுந்தரபாண்டியன் என்று நான்தான் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தாலியை அத்தை அறுக்கவில்லை. என் தலை வழியாக மெல்லக் கழற்றினாள். கழற்றும்போது கயிறு ஈரக் கூந்தலில் சிக்கிக்கொண்டது. அவள் பொறுமையாக ஒவ்வொரு முடியாக விலக்கினாள். தளவாய் தண்ணீர் இறைத்தபோது, "குடிச்சிக்கோ ராசா" என்றாள்.

மத்தியானம் தெருவுக்குள் வந்தோம். சைதூன் அக்கா அவள் வாசலில் நின்றாள். என் கழுத்தைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள். அத்தையும் தளவாயும் உள்ளே போகட்டும் என்று நான் காத்து நின்றேன். வழியெல்லாம் அவளோடு சண்டை போட வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் சொன்ன பொய்யால்தான் அத்தை பட்டினி கிடந்தாள். அவள் சொன்ன பொய்யால்தான் நான் பூ வைத்தேன்.

"சுரண்டையில யார்க்கா உனக்குச் சொன்னா?"

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லல. நான் யார்ட்டயும் கேக்கல."

"ஏன்?"

"கேட்டா வேற மாதிரி சொல்லிருவாவளோன்னு பயந்தேன்ட்டி." தூணிலிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். "நீயும் நானும் சேந்து நம்பினா அப்படியே நடந்துரும்னு ஒரு நெனப்பு. ரம்ஜானுக்குப் பெறகு எங்க அவ்வொகிட்ட இருந்து கேசட்டு ஒண்ணும் வரல. கூட வேலை பாத்தவுகளுக்கும் தெரியலைங்காவ."

நான் அந்த நாடகத்தில் பூக்கட்டினது அவளுக்குத் தெரியாது. அவளும் அதிலேயே கட்டியிருந்தது எனக்கும் அதுவரை தெரியாது. சேர்த்துவைத்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ.

"தாலிய ஏன்ட்டி கழத்துன?"

"அத்தை கேட்டாவ. அவிய மனசுக்காகச் செஞ்சேன்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, கேட்கவும் பயந்துகொண்டு, கேட்காமல் இருக்கவும் முடியாமல் கேட்டாள்.

"குத்தாலத்துல யாராவது சுகந்தி கதை பேசினாவளா? வாசல்ல நின்னது யாரு?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆலங்குளத்துப் பொம்பளைய ரெண்டு பேர் பேசினாவ" என்றேன். "அவந்தான்க்கா. தாடி வளத்து, அடையாளமே தெரியாம வந்து நின்னானாம். நீ சொன்ன மாதிரியே அவ செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாளாம்."

"குடிச்சானா?"

"முழுசும் குடிச்சானாம்."

அவள் அங்கேயே உட்கார்ந்து முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அந்த முடிவு பிடித்திருந்தது.