முந்நூறாவது வரி

"தப்பா அடிச்சா வெடிச்சுடும்னு பயமாடி உனக்கு?"

நிருபமா அக்கா இதைக் கேட்டது 1992 ஏப்ரலில். நான் ஈரத்துணியோடு அவள் அறை வாசலில் நின்றிருந்தேன். மேஜைமேல் சின்னக் கறுப்பு வெள்ளை டிவி. அதன் முன்னால் ஒரு கறுப்பு டப்பா. ரப்பர் பொத்தான்கள், ஓரத்தில் வானவில்லை வெட்டி ஒட்டியது போல நான்கு நிறப் பட்டை. லண்டனில் இருந்த அவள் அண்ணன் ரகுராம், யாரோ பழசென்று விற்றதை வாங்கி நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஸ்பெக்ட்ரம் என்று பெயர். கம்ப்யூட்டர் என்றால் பீரோ அளவுக்கு இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இது எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியைவிடச் சிறியது.

பயம்தான். தலையை மட்டும் ஆட்டினேன்.

அது தொம்மலூரில் அக்காவின் அப்பா தேசிகன் ஐயாவின் வீடு. என் அம்மா லட்சுமம்மா அங்கே பாத்திரமும் துணியும் பார்த்தாள். நான் வீடு துடைத்தேன். ஜோகுபாளையத்திலிருந்து இருவரும் நடந்தே வருவோம். முந்தைய வருஷம்தான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டிருந்தேன். ஆங்கிலப் பாடத்தில் எழுந்து நின்று படிக்கச் சொல்வார்கள். எழுத்துகள் தெரியும். அவற்றைச் சேர்த்துச் சொல்லாக்குவதற்குள் பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பிவிடும். சிரிப்பு கேட்டால் எனக்கு அடுத்த எழுத்து மறைந்துவிடும். ஒரு திங்கட்கிழமை நான் போகவில்லை. அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை.

"வா, ஒக்காரு. இங்க ஒண்ணே ஒண்ணு அமுக்கு. பி."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அமுக்கினேன். டிவியில் 'பிரிண்ட்' என்று முழுச் சொல் வந்து நின்றது.

நான் எழுத்துக்கூட்டவில்லை. ஓர் எழுத்தைத்தான் தொட்டேன். மீதியை அதுவே எழுதிக்கொண்டது.

அந்த மெஷினின் வழக்கம் அது. ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு சொல் அச்சாகியிருக்கும். ஜி என்றால் 'கோ டூ', எல் என்றால் 'லெட்', எம் என்றால் 'பாஸ்'. வரியில் தப்பு இருந்தால், தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கேள்விக்குறி மினுக்கும். அவ்வளவுதான். நாம் திருத்தும்வரை அது காத்திருக்கும். அதற்குச் சிரிக்கத் தெரியாது.

அக்காவுக்குப் பியுசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து வேலை ஒன்றும் இல்லை. மத்தியானம் அக்காவின் அம்மா ருக்கு அம்மா தூங்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் ஒரு பஸ் விளையாட்டு செய்தோம். அக்கா வரிகளை யோசிப்பாள், நான் அடிப்பேன். ஓல்டு மெட்ராஸ் ரோடு, அதில் ஒரு பஸ், நட்சத்திரக் குறிகள் எல்லாம் பள்ளங்கள். முதலில் 'பாஸ் பூஜ்யம்' என்று ஒரு வரி வரும். அதைப் போட்டால், யாராவது ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கும்வரை மெஷின் அப்படியே நிற்கும். அமுக்கியதும் பஸ் கிளம்பும்.

"எல்லாப் பள்ளத்துலயும் தேடித் தேடி விடறியேடி. உங்க மாமா பிடிஎஸ் பஸ்ல டிரைவரா?"

"இல்லக்கா, கண்டக்டரு."

அக்கா கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு எந்த எழுத்தும் மறையவில்லை.

பின்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வரும். "வீணா! ஒரு ரூம் தொடைக்க இவ்ளோ நேரமா? சும்னே தேச்சுத் தேச்சு தரைய மெலிசாக்கிடாத!"

எழுதியதை கேசட்டில் பதிந்து வைக்கலாம். ஆனால் வீட்டிலிருந்த ஒரே டேப்ரெக்கார்டர் தேசிகன் ஐயாவுடையது. "அந்தக் கீச்சுக் கீச்சை என் டேப்ல ஏத்தாதே. அப்புறம் பெருமாள் பாட்டெல்லாம் எலி பாடற மாதிரி கேக்கும்" என்று சொல்லிவிட்டார். அதனால் ஸ்விட்சை அணைத்ததும் பஸ், ரோடு, பள்ளம் எல்லாம் போய்விடும். மறுநாள் முதல் வரியிலிருந்து அடிக்க வேண்டும். அதற்காகத்தான் நோட்டு. அக்கா தன் கையால் வரிகளை எழுதி என்னிடம் கொடுத்தாள்.

"நீயே வெச்சுக்கோ. இங்க இருந்தா அம்மா பேப்பர்காரனுக்குப் போட்டுடுவா."

வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று எண் போட்டிருந்தாள். மறந்துபோன ஏதாவது பின்னால் ஞாபகம் வந்தால் நடுவில் சொருக இடம் வேண்டுமாம். நோட்டை நான் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கடைசிப் பக்கத்தில், எல்லாச் சொற்களோடும், அந்தப் பொத்தான் பலகையை வரைந்துகொண்டேன்.

ஆகஸ்ட் வந்தும் பஸ்ஸில் ஒரு குறை இருந்தது. அது நிற்காது. ரோட்டின் அடிக்கு வந்ததும் திரைக்கு வெளியே போகப் பார்க்கும். உடனே ஆட்டம் முறிந்து, கீழே ஆங்கிலத்தில் ஒரு புகார் வரும்.

"ஸ்டாப்ல நிக்க வெக்கணும்க்கா."

"வெக்கலாம். முந்நூறாவது வரில."

அந்த வருஷம் எங்கள் பக்கத்துச் சந்துகளில் எல்லாக் கதவிலும் சாக்பீஸால் கன்னடத்தில் 'நாளெ பா' என்று எழுதியிருந்தார்கள். நாளைக்கு வா என்று அர்த்தம். பேய் ஒன்று வீடு வீடாக வருகிறது, அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாள் வந்து மறுபடியும் படிக்கும் என்று பேச்சு. அக்காவுக்குத் தமிழ் எழுத வராது. நோட்டில் 300 என்று போட்டு, பக்கத்தில் கன்னடத்தில் 'நாளெ பா' என்று எழுதி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மறுநாள் போனேன். மேஜைமேல் டிவி மட்டும் இருந்தது. டப்பா இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு நீள்சதுரம்.

"நிருபமாக்கு தாவணகெரேல இன்ஜினியரிங் சீட் கெடச்சுடுத்து. அவசரமா கெளம்பிப் போயாச்சு. அதையும் எடுத்துண்டுட்டா" என்றார் ருக்கு அம்மா. "மேஜையை நன்னா தொடை."

அந்த நீள்சதுரத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைத்தேன்.

ஹாஸ்டல் கரண்ட்டில் அது எரிந்துபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அக்கா லீவுக்கு வந்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமாகி அமெரிக்கா போனாள். வரும்போதெல்லாம் "நன்னா இருக்கியாடி?" என்று கேட்பாள். தலையை ஆட்டுவேன். முந்நூறாவது வரி என்ன என்று நான் கேட்கவில்லை.

ஆனால் யோசித்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் கியூவில், குழாயடியில், காய்ச்சலில். வீட்டில் யாரும் இல்லாதபோது நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தரையில் விரித்து, வரைந்த பொத்தான்களின்மேல் முதல் வரியிலிருந்து அடிப்பேன். முந்நூறு வந்ததும் விரல் நின்றுவிடும். ஒரு வழி தோன்றும், எழுதுவேன். இது ஓடாது என்று நாலு நாள் கழித்துத் தெரியும், கோடு போட்டு அடித்துவிடுவேன். இருபத்து மூன்று தடவை எழுதி அடித்தேன். ஓடுமா என்று பார்க்கத்தான் எதுவும் இல்லை.

பிறகு பகலில் தொம்மலூரில் ஒரு பெரிய ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. எங்கள் மாடியில் நூற்றிருபது கம்ப்யூட்டர்கள். அணைந்திருக்கும்போது பிரஷ்ஷால் தூசி தட்டுவேன். அவற்றின் பொத்தான்களில் வெறும் எழுத்துகள்தான், சொற்கள் இல்லை. எவ்வளவு விலையோ, எனக்கு அவை ஏழையாகத் தெரியும்.

2006 டிசம்பரில் நிருபமா அக்கா கணவர் ப்ரஹ்லாதோடு வந்தாள். தேசிகன் ஐயா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டை பில்டருக்குக் கொடுக்கப் பேசி முடித்தாயிற்று. சாமான்களைக் கட்ட ருக்கு அம்மாவுக்கு ஒத்தாசையாக நான் சனிக்கிழமை போனேன். பழைய புடவைகளை மடித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து ப்ரஹ்லாத் சாரின் பேச்சு கேட்டது. அவர்கள் ஊரில் பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்கள் மாசம் ஒருமுறை கூடுவார்களாம். ஒரு புரோகிராமைப் போட்டால் லேப்டாப்பே அந்த மெஷினாக மாறிவிடுமாம்.

"இதோ, உன் ஸ்பெக்ட்ரம்" என்றார்.

வாசலோரம் வந்து நின்று பார்த்தேன். வெள்ளைத் திரை, அடியில் ஒற்றைக் கறுப்பு வரி. அதேதான். கையிலிருந்த புடவையைக் கீழே போட்டதுகூடத் தெரியவில்லை. எரிந்துபோன ஒன்று பதினாலு வருஷம் கழித்து இன்னொன்றின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களுக்கு விமானம். அன்று காலையில் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஒரே ஒரு தடவை அது ஓடுமா என்று பார்க்க வேண்டும். அக்கா பார்க்க, நான் பார்க்க வேண்டும். வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கூடத்துக்கு வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. காபி டம்ளர்களை எடுக்கும் சாக்கில் அங்கேயே நின்றேன்.

"நான் இதுல ஒரு பஸ் கேம் எழுதினேன், தெரியுமா?" அக்கா கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு சம்மர் பூரா. தனியா, இந்த ரூம்ல ஒக்காந்துண்டு."

தனியா.

"அப்படியா? எங்க, எழுதிக் காட்டு."

அக்கா அடித்தாள். பி, ஆர், ஐ, என், டி. திரையில் 'பிரிண்ட் ரிண்ட்' என்று வந்தது.

"என்னது, அதுக்கு விக்கல் எடுக்கறதா?" ப்ரஹ்லாத் சார் சிரித்தார். அக்கா அழித்துவிட்டு மறுபடியும் அடித்தாள். மறுபடியும் விக்கல்.

"பி மட்டும் அமுக்குங்கக்கா. முழுசா அதுவே போட்டுக்கும்."

இருவரும் திரும்பினார்கள். என் குரல்தான் அது என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. நான் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"நீங்களே அடிங்களேன். வாங்க, ஒக்காருங்க" என்று ப்ரஹ்லாத் சார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்தேன். பொத்தான்களில் சொற்கள் இல்லை. பரவாயில்லை, விரலில் இருந்தன. நோட்டு அக்காவின் மடியில் இருந்தது. நான் அதைப் பார்க்காமலே அடித்தேன். பத்து, இருபது, முப்பது. பக்கம் புரளும் சத்தம் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. இருநூற்றெண்பதுக்குப் பிறகு 285 என்று ஒரு வரியை நடுவில் சொருகினேன். ஸ்டாப் வந்துவிட்டால் முந்நூறுக்குப் போ என்று அர்த்தம். பிறகு முந்நூறு. எம், பூஜ்யம்: முதல் வரியில் வந்த அதே 'பாஸ் பூஜ்யம்'.

ஆரை அமுக்கினால் 'ரன்' வரும். அமுக்கினேன்.

ரோடு பச்சையாக இருந்தது. பஸ் சிவப்பு. எனக்கு அது தெரியாது. வரிகளில் நிறத்துக்காக அக்கா போட்டிருந்த நாலும் இரண்டும் அந்தக் கறுப்பு வெள்ளை டிவியில் வெறும் எண்களாகத்தான் இருந்தன. அத்தனை வருஷம் சாம்பல் நிற ரோட்டில் சாம்பல் நிற பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பஸ் இறங்கி வந்தது. பள்ளங்களில் விடாமல் ஓட்டினேன். அடிக்கு வந்தது. நின்றது.

"ஏன், ஹேங் ஆயிடுத்தா?" என்றார் ப்ரஹ்லாத் சார்.

"இல்ல சார். ஸ்டாப்பு வந்துடுச்சு. யாராச்சும் ஒரு பொத்தான அமுக்கினா கெளம்பும். அதுவரிக்கும் நிக்கும்."

அவர் கைதட்டினார். நான் அக்காவைப் பார்த்தேன். நோட்டில் அவள் கையெழுத்து முடியும் பக்கம் திறந்திருந்தது. 300, நாளெ பா. அதன் கீழே என் கையெழுத்தில் எழுதி எழுதி அடித்த இருபத்து மூன்று வரிகள். அடுத்த பக்கத்தின் தலையில் அடிக்காமல் விட்ட ஒன்று. அவள் விரல் அந்தக் கன்னட எழுத்துகளின்மேல் நின்றிருந்தது.

"நாளைக்குச் சொல்றேன்னீங்க. நீங்க ஊருக்குப் போயிட்டீங்க, அதான் நானே போட்டுக்கினேன்" என்றேன். வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். "சரியா இருக்குதாக்கா?"

உள்ளே ருக்கு அம்மா பெட்டிக்குக் கயிறு கேட்டுக் கூப்பிட்டார். அக்கா நோட்டை மூடி, மெதுவாக என் மடியில் வைத்தாள். லேப்டாப்பை நோக்கிக் கையை நீட்டினாள். பொத்தான்களுக்கு மேலே அந்தக் கை கொஞ்ச நேரம் நின்றது. எதையும் அமுக்காமல் கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கட்டில்கூட இல்லாமல் காலியாகக் கிடந்த தன் பழைய அறைக்குள் போய்விட்டாள்.