எழுந்து நிற்கும் இரண்டாம் பக்கம்

இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும், "செல்லுல படம் புடிச்சியா பெருசு?" என்றுதான் கேட்கிறார்கள். படம் இருந்தால் நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவில்லை. அந்தப் படத்தையும் பாதி பார்ப்பதற்குள் அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதவில்லை. முத்தியால்பேட்டையில் லேத்து நாகராஜ் வீட்டில் வெள்ளைக்காரப் பாட்டுப் பிளேட்டு ஒன்று இருக்கிறது. அதன் இரண்டாம் பக்கத்தை ஓடவிட்டால் அக்கம்பக்கத்துத் தண்ணீர் எழுந்து நிற்கும். குடத்தில் இருந்தால் குடத்துக்கு மேலே ஒரு முழம், தொட்டியில் இருந்தால் தொட்டிக்கு மேலே ஆள் உயரம். பக்கம் முடிந்ததும் ஒரு சொட்டு சிந்தாமல் இறங்கிவிடும். தண்ணீர் நின்றதில் எனக்குச் சந்தேகம் இல்லை, கண்ணால் பார்த்தேன். அது நல்ல பாட்டு என்பதில்தான் சந்தேகம்.

பிராஸ் கார்டன் என்பது இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பெரிய கோஷ்டி. ஐந்து பேர், எல்லாருக்கும் இடுப்பு வரை முடி. ஒரு பாட்டு ஆரம்பித்தால் டீக்கடைக்குப் போய்விட்டு வரலாம், அப்போதும் முடிந்திருக்காது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அப்படி வந்த சொல்தா மண்ணாங்கட்டிதான் அந்தக் கோஷ்டியின் பிளேட்டுகளை ஒரு தகரப்பெட்டியில் கொண்டுவந்து எங்கள் தெருவில் இறக்கினார். மில்லுக்கும் தட்டாஞ்சாவடிப் பட்டறைகளுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது, அதை யாரும் குறையாக நினைக்கவும் இல்லை. பைத்தியம் முற்றிப்போய் மன்றம் ஆரம்பித்தார்கள். சினிமா நடிகருக்கு வைக்கிற மாதிரியே கொட்டகை, கொடி, பெயர்ப்பலகை, தலைவர், செயலாளர், பொருளாளர். பாடுகிறவன் பிறந்தநாளுக்குப் பேனரில் பால் ஊற்றினார்கள், தெருவுக்குக் கூழ் ஊற்றினார்கள். இப்படி முத்தியால்பேட்டையில் தன் பேரில் கூழ் ஊற்றுகிறார்கள் என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கூழ் நன்றாகவே இருக்கும். நானும் சொம்பு எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

பேனரில் ஐந்து பிளேட்டுகளின் அட்டைப்படம் இருக்கும். ஆறாவதாக ஒன்று உண்டு, பெயர் சாலிட் வாட்டர். அது வருவதற்குள் பாடுகிறவன் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். மேளம் அடிக்கிறவனே பாடினான். அதை யாரும் வாங்கவில்லையாம், பாரீசிலேயே காறித் துப்பினார்களாம், சொல்தா சொன்னார். மன்றமும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிளேட்டு தகரப்பெட்டியின் அடியில் கிடந்தது. 2001இல் கொட்டகைக்கு வெள்ளையடித்தபோது குப்பையோடு வெளியே போக இருந்ததை நாகராஜ் வீட்டுக்கு எடுத்துப்போனான். தட்டாஞ்சாவடியில் லேத்து ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். முதல் பக்கம் ஓடியது, ஒன்றும் இல்லை. திருப்பிப் போட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் பெண்சாதி ராஜாம்பாள் அடுப்படியில் இருந்து, "ஏங்க, கொழம்பு எழுந்து நிக்குதுங்க" என்றாள். உண்மைதான். குழம்பில் இருந்த தண்ணீர் தனியாக மேலே நின்றது, முருங்கைக்காய் மட்டும் சட்டியில் உட்கார்ந்திருந்தது. நாகராஜ் கண்ணைத் திறக்கவில்லை. "இரு, இந்த ஆர்கன் வாசிப்பு முடியட்டும்" என்றான்.

சீக்கிரமே தெரு அதற்குப் பழகிவிட்டது. பெண்கள் இரண்டாம் பக்கம் முடிந்த பிறகு உலை வைத்தார்கள். தண்ணீர் வரி ஆள் வந்து, நின்ற தண்ணீரைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, நின்றாலும் படுத்தாலும் வரி ஒன்றுதான் என்று சொல்லிப் போனார். யாரோ அதைக் கேசட்டில் பிடித்துப் போட்டுப் பார்த்தார்கள், தண்ணீர் கொஞ்சம் சிலிர்த்ததோடு சரி. நானும் ஒரு நாள் பாய் போட்டு உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டேன். எவனோ பாழுங்கிணற்றில் விழுந்து, கயிறு கேட்கக்கூட சோம்பேறித்தனப்பட்டு முனகுகிற மாதிரி இருந்தது.

சிக்கல் அந்த வருஷத்து ஆண்டுக் கூட்டத்தில் வந்தது. மன்றத் தலைவன் பாலகுரு, பெரிய மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவன், ராஜாம்பாளின் கூடப்பிறந்த அண்ணன். அவனும் நாகராஜும் மைத்துனன்கள் ஆவதற்கு முன்னாலேயே ஒரே சைக்கிளில் சுற்றியவர்கள். அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசாத நாகராஜ் எழுந்து, ஆறாவது பிளேட்டையும் பேனரில் போட வேண்டும் என்றான். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப்பேர் ஒத்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் வேறு, பாட்டு வேறு என்பது அவன் கட்சி. "அந்த அஞ்சும் நம்மளப் பாத்து வித்தை காட்டுது மச்சான். இது ஒண்ணுதான் நம்மளத் திரும்பிக்கூடப் பாக்காம அதுபாட்டுக்கு வேலையப் பாக்குது" என்றான்.

"பாடுறவனே போயிட்டான், அப்புறம் என்னா பாட்டு? மாப்பிள்ள ஓடிப்போன கல்யாணம்" என்றான் பாலகுரு.

"நீ கேட்டியா மச்சான்?"

"கேக்கணுமா? சொல்தாவே சொல்லிட்டாரு."

"கேக்காம எப்பிடி சொல்ற?"

"சாணியத் தின்னு பாத்துட்டா மாப்ள சொல்லுவாங்க?"

கொட்டகை சிரித்தது. நாகராஜ் அப்போதும் உட்காரவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கோபம் ஏறிப்போய், அந்தப் பிளேட்டு இருக்கிற வீட்டு வாசலை மன்றத்தார் யாரும் மிதிப்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். முதலில் கை தூக்கியது பாலகுரு. தூக்கிய பிறகுதான் அது தங்கச்சி வீட்டு வாசல் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் அவனைப் பார்த்து எல்லாரும் தூக்கிவிட்டார்கள். தலைவன் தூக்கிய கையை எப்படி இறக்குவான்?

நாகராஜுக்கு ஒரே பெண், ஹேமலதா. அப்போது தவழ்கிற குழந்தை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் இருக்கும்போது வேறொருவன் மடியில் வைத்தால் அந்த மாமன் செத்ததற்குச் சமம். முதல் வருஷம் அவனே வருவான் என்று காத்திருந்தார்கள். இரண்டாம் வருஷம் ராஜாம்பாள் மண்டிக்கே போய்க் கேட்டாள். பாலகுரு வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, பிளேட்டை உடைத்தால் அன்றைக்கே வருகிறேன் என்றான். அவள் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள்: "சீமையில எவனோ எவன்கூடவோ சண்ட போட்டுக்கினு போனான்னு, எம் பொண்ணு காது மூளியா கெடக்கணுமாண்ணே?" பாலகுருவுக்குக் கண் கலங்கியது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டான். மூன்றாம் வருஷம், நான்காம் வருஷம் அப்படியே போயின. பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்தாள், கூடப் படிக்கிறவர்கள் தோடு எங்கே என்று கேட்டார்கள். நாகராஜுக்குப் பெரியப்பா முறையான கலியமூர்த்தி வந்து, ஒன்றுவிட்ட மாமன் யாரையாவது உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்றார். ராஜாம்பாள் அவருக்குக் காபி கொடுக்காமலே அனுப்பினாள்.

ஒரு நாள் நாகராஜ் பிளேட்டைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்து, சுத்தியலோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். வேலைக்குப் போகவில்லை. ராஜாம்பாள் வந்து பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பாட்டு பிடிக்காது, குழம்பைக் கெடுத்த பாட்டு. ஆனால் அவள் சுத்தியலைப் பிடுங்கி, "ஒடச்சி வாங்குன மடி எனக்கு வேணாம். அண்ணனா வந்தா வரட்டும்" என்று சொல்லி, பிளேட்டைத் துடைத்து அட்டையில் போட்டாள். அன்றைக்கு நாகராஜ் அழுதானாம். எனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டு வேம்பு சொன்னது. அவள் பாதிதான் நிஜம் சொல்வாள்.

2005 ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். வாய்க்கால் வழிந்து, பள்ளத்தில் இருக்கிற தெருக்களில் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. பாலகுருவின் ஓட்டுவீடு எல்லாவற்றிலும் பள்ளம். மதியத்துக்குள் மார்பு வரை வந்துவிட்டது. அவனும் அவன் பெண்சாதி நிர்மலாதேவியும் மேசைமேல் கட்டிலைப் போட்டு, அதன்மேல் தலை கூரை ஓட்டில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். நிர்மலாதேவிக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் இழுப்பு இருந்ததால் கட்டுமரக்காரர்கள்கூட அந்தச் சந்துக்குள் நுழைய முடியவில்லை. சேதி வந்ததும் நாகராஜ் பேட்டரியில் ஓடுகிற பெட்டிப் பிளேயரைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். சந்து முனையில் இருந்த மூன்று சக்கர வண்டியின் பலகையில் அதை வைத்து, இரண்டாம் பக்கத்தில் முள்ளை இறக்கினான். ஆர்கன் கேட்டதும் வெள்ளம் தரையை விட்டு எழுந்தது. முதலில் சேறு தெரிந்தது, பிறகு வாசற்படிகள், பிறகு முழங்கால்கள். தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், கல்யாணப் பந்தல் மாதிரிப் பரந்து நின்றது. அதற்குள் கெண்டைமீன்கள் போய்க்கொண்டிருந்தன, யாருடைய செருப்போ ஒன்று போனது. ஜனங்கள் மூட்டையும் பிள்ளையுமாக அதன் அடியில் நடந்து மேட்டுக்கு வந்தார்கள். நிர்மலாதேவி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்தாள். வரவேண்டியவன் பாலகுரு. வாசலில் இறங்கியவன் பாட்டுக்குக் காது கொடுத்து அங்கேயே நின்றுவிட்டான்.

"இங்க வந்து தொலய்யா!" என்று பெண்சாதி கத்தினாள்.

அவன் கையைக் காட்டினான். "இருடி, முடியட்டும்."

பக்கம் முடிந்தால் வெள்ளம் திரும்ப இறங்கிவிடும் என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. முள்ளைத் தூக்கித் திரும்ப வைக்கிற இடைவெளியில் ஒரு முறை தலை வரைக்கும் தாழ்ந்து எல்லாரையும் நனைத்தது. வண்டியை அசைத்தால் தண்ணீரும் கூடவே அசைகிறது என்று யாரோ கவனித்துச் சொன்னார்கள். அப்படியே சோலை நகர்க் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம், ஆனால் குண்டும் குழியுமான தெருவில் முள் குதிக்கும். யாராவது பிளேயரை ஆடாமல் பிடிக்க வேண்டும். பாலகுரு வந்து வண்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "குடு மாப்ள" என்று பிளேயரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். நான்கு வருஷத்தில் அவன் நாகராஜிடம் பேசிய முதல் பேச்சு அது. நாகராஜ் வண்டியை மிதித்தான். மூன்று தெருத் தண்ணீர் தலைக்கு மேலே கூடவே வந்தது. வழியில் பக்கம் மூன்று முறை முடிந்தது, மூன்று முறையும் பாலகுருவே முள்ளைத் தூக்கி வைத்தான், ஒவ்வொரு முறையும் முள் பிசகாமல் இறங்கியது. கடற்கரையில் வெள்ளம் அவர்களைத் தாண்டிப் போய், சத்தமில்லாமல் கடலில் உட்கார்ந்தது.

பின்னாலேயே ஓடிவந்த ராஜாம்பாள், மூச்சு வாங்க அண்ணன் முன்னால் நின்றாள். "அந்தப் பொட்டிய வச்ச மடியில எம் பொண்ண வைக்க மாட்டியாண்ணே?"

பாலகுரு பிளேயரை இறக்கவே இல்லை. "தை மாசம் வச்சிக்கலாம்மா" என்றான். பிறகு நாகராஜைப் பார்த்து, "ரெண்டாவது பக்கம் பரவால்ல மாப்ள. சும்மா சொல்லல, நல்லாவே இருக்குது. மொதப் பக்கத்த நான் இன்னும் கேக்கல" என்றான்.

"மொதப் பக்கம் எனக்கே சுமார்தான் மச்சான்" என்றான் நாகராஜ். சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியவில்லை. ராஜாம்பாளும் சிரித்தாள், அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசுவாசத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. தீர்மானம் என்ன ஆனது என்று செயலாளர் கேட்டதற்கு, வெள்ளத்தில் போச்சு என்று பாலகுரு பதில் சொன்னான்.

தை மாதம் அம்மன் கோயிலில் காது குத்தினார்கள். பிள்ளைக்கு ஐந்து வயது, மாமன் மடியில் கால் தரையைத் தொட்டது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் வீறிட, பாலகுரு அவள் தலையைப் பிடித்துக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதான். பிளேட்டு ஓடிக்கொண்டிருந்தது. கோயில் குளத்துத் தண்ணீர் எழுந்து நின்றது, குருக்கள் நின்ற தண்ணீரிலேயே சொம்பை நுழைத்து மொண்டு தெளித்தார், வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு மழைக்காலத்தில் பள்ளத்துத் தெருக்காரர்கள் மைத்துனன்கள் இரண்டு பேரையும் வந்து கூப்பிடுவார்கள், அவர்களும் வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். பேனரில் இப்போது ஆறு படம்.

காது குத்திய அன்றைக்குப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த பாலகுரு, "இப்பவாவது சொல்லு பெருசு, பாட்டு எப்பிடி?" என்று கேட்டான். இலையில் பாயசம் இருந்தது, மேலே குளம் நின்றது. நான் நன்றாகக் காது கொடுத்தேன், நியாயமாக, கடைசி வரைக்கும். பிள்ளை காது குத்தியாயிற்று, ஊர் பிழைத்தது, அண்ணன் தங்கச்சி ஒன்றானார்கள், எல்லாம் சந்தோஷம்தான். "மேளக்காரன் மேளத்தோட நிறுத்தியிருக்கலாம்டா" என்று சொல்லி இலையை மடித்தேன். தாம்பூலம் வாங்கிக்கொண்டு, நின்ற தண்ணீரில் கையைக் கழுவி, வீட்டைப் பார்க்க நடந்தேன்.